உடற்கல்விப் பாடவேளையும் தலைமை ஆசிரியரும்: எதை அளந்தால் உண்மை தெரியும்?

காட்பாடி ஆய்வு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்து ஓராண்டு கடந்துவிட்டது. வேலூர் மாவட்டத்து அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் தலைமை ஆசிரியரின் செயல்பாட்டுக்கும் உடற்கல்வி கற்பித்தலின் தரத்துக்கும் என்ன தொடர்பு இருக்கிறது, இரண்டையும் எவ்வாறு மேம்படுத்தலாம் என்பது என் ஆய்வுப் பொருள். இங்கே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் ஓய்வு பெற்றவர்களும் பலர் இருப்பதால், வழிகாட்டியிடம் மறுபடி செல்வதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மாணவரின் கற்றலைத் தீர்மானிக்கும் பள்ளிக் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்கு உண்டு என்று கென்னத் லீத்வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2008-இல் எழுதினார்கள். அதன்பின் வந்த ஆய்வுகள் பலவும் இந்தக் கருத்திலிருந்தே தொடங்குகின்றன. நம் நாட்டிலும் புது தில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தில் 2012-இல் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு மையம் தொடங்கப்பட்டது. ஆனால் இவ்வகை ஆய்வுகள் தலைமையின் பலனைக் கணக்கிடுவது பெரும்பாலும் கணக்கு, மொழிப்பாட மதிப்பெண்களைக் கொண்டுதான். பொதுத்தேர்வே இல்லாத உடற்கல்வியில் தலைமையின் பலன் எங்கே தெரியும், அதை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் நான் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

வழக்கம்போல ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு வினாநிரலைத் தயாரித்து, ஆறு பள்ளிகளில் முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தேன். 'உடற்கல்விக்கு உரிய முக்கியத்துவம் அளிக்கிறேன்', 'உடற்கல்வி ஆசிரியரைத் தொடர்ந்து ஊக்குவிக்கிறேன்' என்பன போன்ற வாக்கியங்கள் அவை. ஆறு தலைமை ஆசிரியர்களும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஐந்தே கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பட்டியல்களில் கையொப்பமிட்டுக்கொண்டே, "எல்லாத்துக்கும் அஞ்சே போட்டுக்கோம்மா, இதுல என்ன இருக்கு" என்றார். அப்போது அவருடைய அறையின் சன்னலுக்கு வெளியே எட்டாம் வகுப்பு மாணவர்கள் வண்டியிலிருந்து நோட்டுப் புத்தகக் கட்டுகளை இறக்கிப் பொருள் அறைக்குச் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். கழுத்தில் விசில் தொங்க உடற்கல்வி ஆசிரியர் கட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றார். சுவரில் மாட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தேன். அது அந்த வகுப்பின் உடற்கல்விப் பாடவேளை.

அந்த வினாநிரலை இனிப் பயன்படுத்த எனக்கு மனமில்லை. அதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்பதே என் கேள்வி. தலைமை ஆசிரியர் உடற்கல்விக்குச் செய்யக்கூடியது என்று உண்மையில் எதைச் சொல்லலாம்? உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே காலியாக இருக்கும் பள்ளியில் தலைமை ஆசிரியரை மதிப்பிடுவது நியாயமாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

குடியாத்தம் முன்னாள் தலைமை ஆசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவில் அந்த நோட்டுக் கட்டு வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படி இறக்கச் சொன்னவன்தான். 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிவதற்கு முன், அரக்கோணத்திலிருந்து வாணியம்பாடி வரை உள்ள தலைமை ஆசிரியர்கள் எல்லாரும் வேலூரில் ஒரே கூடத்தில் கூடுவோம். தேர்ச்சி விழுக்காடு ஆய்வுக் கூட்டம் என்று பெயர். பாடவாரியாகத் தேர்ச்சி எவ்வளவு, கடந்த ஆண்டைவிட ஏன் குறைந்தது, மெல்லக் கற்போருக்கு என்ன ஏற்பாடு என்று எழுப்பி எழுப்பிக் கேட்பார்கள். என் பணிக்காலம் முழுவதிலும், உங்கள் பள்ளியில் சென்ற மாதம் எத்தனை உடற்கல்விப் பாடவேளைகள் நடந்தன என்று எந்தக் கூட்டத்திலும் எவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்கப்படாத ஒன்றை எந்தத் தலைமை ஆசிரியர் எண்ணி வைத்திருப்பார்?

பாடவேளை எப்படிக் காணாமல் போகிறது என்று சொல்கிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் வந்ததும் கணக்கு ஆசிரியர் வருவார். "சார், பத்தாம் வகுப்புக்கு அந்த ரெண்டு கேம்ஸ் பீரியடையும் எனக்குக் குடுத்துடுங்க, ஜனவரி வரைக்கும்தான்" என்பார். அவர் தமக்காகக் கேட்கவில்லை, பிள்ளைகளுக்காகக் கேட்கிறார், எனவே மறுக்க வாய் வராது. அடுத்த வாரம் அறிவியல் ஆசிரியர் ஒன்பதாம் வகுப்புக்குக் கேட்பார். ஜனவரி வந்தால் திருப்புதல் தேர்வு வந்துவிடும், பாடவேளை திரும்பி வராது. இதில் விந்தை என்னவென்றால், என் அறைச் சுவரில் இருந்த கால அட்டவணையை நான் ஒருமுறைகூட மாற்றி எழுதவில்லை. பார்வைக்கு வரும் அலுவலர் கண்ணுக்கு வாரம் இரண்டு பாடவேளை உடற்கல்வி இருக்கும். அதன் கீழே என் கையொப்பமும் இருக்கும்.

கடைசியாகப் பணியாற்றிய பள்ளியில் ஒரு மாற்றம் செய்தேன். பெரிய சீர்திருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு நாற்பது பக்க நோட்டுதான். உடற்கல்விப் பாடவேளையை வாங்கிக்கொள்ளும் ஆசிரியர் அந்த நோட்டில் வகுப்பு, தேதி, காரணம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். எந்த நாளில் தம் பாடவேளையைத் திருப்பித் தருவார் என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். முதல் மாதத்தில் ஒரு பக்கம் நிரம்பியது. மூன்றாம் மாதத்தில் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் இல்லை. நான் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. வாய்மொழியாகக் கேட்டால் எளிதாக இருந்தது, கடன் பத்திரம்போல எழுதிக் கொடுக்க ஆசிரியர்களுக்குக் கூச்சமாக இருந்தது. நீங்கள் தலைமைப் பண்பு என்று எதை எதையோ தேடுவதற்கு முன், பாடவேளை கைமாறும்போது அது எங்காவது பதிவாகிறதா என்று பாருங்கள்.

காலிப் பணியிடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைவிடச் சிக்கலான நிலை ஒன்று உண்டு. தலைமை ஆசிரியர் பணியிடமே காலியாகி, மூத்த ஆசிரியர் பொறுப்பு வகிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. பொறுப்புத் தலைமை ஆசிரியர் சக ஆசிரியரிடம் நோட்டை நீட்ட முடியாது, நாளை அவரும் அதே ஆசிரியர் அறையில் உட்கார வேண்டியவர். அந்தப் பள்ளிகளை உங்கள் கணக்கில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அணைக்கட்டு உடற்கல்வி ஆசிரியர் எழுதியது:

ஐயா எழுதிய நோட்டைப் போல ஒன்று எங்கள் பள்ளியில் இருந்திருந்தால் அது ஒரே பருவத்தில் தீர்ந்திருக்கும். நான் பகுதிநேர ஆசிரியராகத் தொடங்கியவன். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணைப்படி, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு மாணவர்களுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடல்நலம் மற்றும் உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும். அதன் தொடர்ச்சியாக 2012-இல் தமிழகத்தில் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டோம். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. அந்த அரை நாளில் எந்தப் பாடவேளைகள் அமைகின்றனவோ அதுதான் என் பாடம். மற்ற நாளில் அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, தலைமை ஆசிரியருக்கும் தெரியாது.

ஆய்வு செய்யும் அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். பதக்கங்களை எண்ணாதீர்கள். ஒரு பள்ளி உடற்கல்வியில் சிறந்தது என்று யாரைக் கேட்டாலும், வருவாய் மாவட்ட அளவில் எத்தனை கோப்பை, மாநில அளவுக்கு எத்தனை பேர் போனார்கள் என்றுதான் சொல்வார்கள். ஜூலையில் குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் நான் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். மீதி முந்நூறு பேர் அந்த வாரங்களில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் கபடி ஏற்கெனவே தெரிந்தவர்கள். அவர்களுக்கு நான் புதிதாகக் கற்றுக் கொடுத்தது குறைவு. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு மலைக் கிராமங்களிலிருந்து கீழே வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பையன்கள் நீண்டதூர ஓட்டத்தில் பரிசு வாங்கினால் அந்தப் பெருமை என் பயிற்சிக்குச் சேருமா, அவர்கள் ஊர் மலைப்பாதைக்குச் சேருமா? எங்கள் விளையாட்டு விழாவில் பேசுகிறவர்கள் எல்லாரும் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தைச் சொல்லாமல் இறங்க மாட்டார்கள். 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்டிலும் பளுதூக்குதலில் காமன்வெல்த் தங்கம் வென்றவர், சொல்லட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் விழா நடக்கும் மைதானத்தில் பிள்ளைகள் தூக்கிப் பழக ஒரு கம்பியும் கிடையாது.

தலைமை ஆசிரியர் கையில் இருப்பது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் அவர் கையில் இல்லை, பணியிடம் அவர் கையில் இல்லை. கால அட்டவணை முழுக்க முழுக்க அவர் கையில் இருக்கிறது. எங்கள் ஊர் வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் சத்துணவு முடிந்து மணி அடித்ததும் வருகிற முதல் பாடவேளையை உடற்கல்விக்குக் கொடுத்தால், வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளையை உச்சி வெயிலில் எப்படி ஓட விடுவது? காலை முதல் பாடவேளையும் ஆகாது. காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்குத்தான், உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் பலர், வழிபாட்டுக் கூட்டத்திலேயே ஒருவர் இருவர் மயங்கி விழுவதுண்டு. மாலைக் கடைசி இரண்டு பாடவேளைகள்தான் சரியான நேரம். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து வகுப்புகள் உள்ள பள்ளியில் அந்த இரண்டு பாடவேளைகளை யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்று உட்கார்ந்து யோசித்த தலைமை ஆசிரியரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் தமிழாசிரியராக இருந்து பதவி உயர்வு பெற்றவர், விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்வார்.

பெண் பிள்ளைகளையும் தனியாக எண்ணுங்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் பாதிப் பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். சோம்பல் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். சுடிதாரின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, மைதானத்துக்கு அருகில் தண்ணீர் வரும் கழிப்பறை இல்லாமல், சாலையில் போகிறவர்கள் சுற்றுச்சுவருக்கு மேலாகப் பார்க்கும் இடத்தில் ஓடச் சொன்னால் யார் ஓடுவார்கள்? மைதானத்தின் உள்பக்கத்தில் வளையப்பந்துக் கம்பத்தை நட்டுக் கொடுத்தபின் அதே பிள்ளைகள் மணி அடித்தாலும் போக மறுத்தார்கள். கம்பத்தை இடம் மாற்ற எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று, அந்த இடத்தில் தலைமை ஆசிரியரின் வண்டி நின்றுகொண்டிருந்தது.

தாமதமாக வருபவரைப் பிடிப்பது, தலைமுடி வெட்டாதவரைத் திருப்பி அனுப்புவது, வங்கிக்குப் போவது என்று எங்களுக்கு இருக்கும் மற்ற வேலைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் நீளும், விட்டுவிடுகிறேன்.

வேலூர் கல்வியியல் விரிவுரையாளர் எழுதியது:

மேலே இருவரும் சொன்னதில் உங்கள் ஆய்வின் அளவுகோல் ஏறக்குறைய கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். பிலிப் ஹாலிங்கர் 1980-களில் உருவாக்கி இன்றும் பல நாடுகளில் பயன்படும் தலைமை மதிப்பீட்டு அளவுகோலில் பத்துச் செயற்கூறுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, கற்பித்தல் நேரத்தைப் பாதுகாப்பது. குடியாத்தம் ஐயாவின் நோட்டு அதைத்தான் செய்தது. இன்னொன்று, தலைமை ஆசிரியர் பள்ளியில் கண்ணில் படும்படி நடமாடுவது. இவ்விரண்டையும் அவரிடமே கேட்டால் ஐந்துக்கு ஐந்துதான் வரும், எனவே கேட்காமல் எண்ணுங்கள்.

எண்ணுவதை மூன்று அடுக்காக வைத்துக்கொள்ளலாம். அட்டவணையில் உள்ள பாடவேளைகள் எத்தனை, அவற்றில் நடந்தவை எத்தனை, நடந்த பாடவேளையில் மாணவர் உடலை அசைத்த நிமிடங்கள் எத்தனை. முதல் இரண்டுக்கும் இடையே விழும் இடைவெளிக்குப் பெரும்பாலும் தலைமை ஆசிரியர் பொறுப்பு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ளதற்கு உடற்கல்வி ஆசிரியரின் கற்பித்தல் முறை பொறுப்பு, ஆனால் அங்கும் பந்து எத்தனை இருக்கிறது, இடம் எங்கே, நேரம் எது என்பவற்றில் தலைமை மறுபடி நுழைந்துவிடுகிறது. அணைக்கட்டு ஐயா சொன்ன வண்டி நிறுத்துமிடம் இந்த மூன்றாம் அடுக்கில் வரும்.

மூன்றாம் அடுக்கை அளக்க ஒரு நல்ல முறை உண்டு. மெக்கென்சி, சாலிஸ், நேடர் ஆகியோர் 1991-இல் வெளியிட்ட கவனிப்பு முறை அது. ஒரு மாணவரைப் பத்து விநாடி பார்த்து, அடுத்த பத்து விநாடியில் அவர் படுத்திருக்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா, நடக்கிறாரா, அதைவிட வேகமாக இயங்குகிறாரா என்று குறிக்க வேண்டும். கூடவே அந்த நேரத்தில் வகுப்பில் நடப்பது வரிசைப்படுத்தலா, விளக்கமா, உடற்பயிற்சியா, திறன் பயிற்சியா, ஆட்டமா என்பதையும் குறிக்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கவனிக்கும் மாணவரை மாற்றிக்கொள்ள வேண்டும். கருவி எதுவும் வேண்டாம், விநாடி காட்டும் கடிகாரமும் தாளும் போதும். நீங்களும் இன்னொருவரும் ஒரே வகுப்பைத் தனித்தனியாகக் குறித்து, இருவரின் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கற்பித்தலை மேம்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு, இதே சாலிஸ் குழுவினர் கலிபோர்னியாவில் ஏழு தொடக்கப் பள்ளிகளில் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல விடை தருகிறது. உடற்கல்விக்கென்றே பயின்ற ஆசிரியர் நடத்திய வகுப்புகளில் மாணவர் வாரத்துக்கு 40 நிமிடம் இயங்கினார்கள். பயிற்சி பெற்ற வகுப்பாசிரியர் நடத்தியவற்றில் 33 நிமிடம். வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 18 நிமிடம். உங்கள் காலிப் பணியிடக் கேள்விக்கு இந்த 33-ஐக் கவனியுங்கள். தனி ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் வகுப்பாசிரியருக்கு முறையான பயிற்சியும் ஆதரவும் கிடைத்தால் நிலைமை வெகுவாக மாறும் என்பது இதன் பொருள், எனவே அந்தப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களையும் மதிப்பிடலாம். பள்ளிக்கு வெளியே மாணவர்களின் இயக்கம் அந்த ஆய்வில் கூடவில்லை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடத்தை வாரம் இரண்டு பாடவேளை ஒருபோதும் நிரப்பாது, ஆய்வேட்டின் முன்னுரையில் அப்படி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தலைமை பற்றிய ஆய்வுகளில் விவியன் ராபின்சனும் பிறரும் 2008-இல் செய்த தொகுப்பாய்வை அவசியம் படியுங்கள். தலைமையின் ஐந்து பரிமாணங்களில் மாணவர் கற்றலோடு மிக வலுவாகத் தொடர்புடையது, ஆசிரியர்களின் தொழில்சார் கற்றலை ஊக்குவிப்பதோடு நில்லாமல் அதில் தலைமை ஆசிரியர் தாமும் பங்கேற்பது. அதன் விளைவளவை, அதாவது தாக்கம் எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்ணை, 0.84 என்று கணக்கிட்டார்கள். நம் ஊரில் உடற்கல்விப் பயிற்சிக்கு உடற்கல்வி ஆசிரியர் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிறார். என்ன கற்றுவந்தீர்கள் என்று அவரிடம் எவராவது கேட்டார்களா என்பதை உங்கள் நேர்காணலில் ஒரு வினாவாக வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நோட்டு நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஏடுகளை நம்பிவிட்டால் ஏமாந்துபோவோம். கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் மத்தியப் பிரதேசத்தில் பள்ளி நிர்வாகத்தை மேம்படுத்தும் பெரிய திட்டமொன்றைச் சீரற்ற ஒதுக்கீட்டு முறையில் (எந்தப் பள்ளிக்குத் திட்டம் என்பதைக் குலுக்கல்போல முடிவு செய்து) ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். பள்ளிகளை மதிப்பிட்டார்கள், மேம்பாட்டுத் திட்டங்களை எழுதச் செய்தார்கள், தாள்கள் எல்லாம் ஒழுங்காக நிரம்பின. பள்ளியின் நடைமுறையிலோ மாணவர் கற்றலிலோ ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆயினும் திட்டம் வெற்றி என்று கருதப்பட்டு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. எனவே நோட்டில் இருப்பதை வகுப்புத் தலைவர்களிடமும் கேட்டு ஒப்பிடுங்கள். "நேற்று ஐந்தாவது பீரியட் என்ன நடந்தது?" என்று கேட்டால் பிள்ளைகள் மறைக்க மாட்டார்கள்.

புள்ளியியலில் பலர் செய்யும் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பது பள்ளிகளில் ஆயிரம் மாணவர்களைக் கவனித்தாலும், தலைமை ஆசிரியர் முப்பது பேர்தான். ஆயிரம் என்று கணக்கிட்டுத் தொடர்பு கண்டால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். அதைவிடச் சிறந்த வழி, பணியிட மாறுதல் கலந்தாய்வைப் பயன்படுத்திக்கொள்வது. உடற்கல்வி ஆசிரியர் அதே பள்ளியில் இருக்க, தலைமை ஆசிரியர் மட்டும் மாறிய பள்ளிகள் மாவட்டத்தில் எப்படியும் சில கிடைக்கும். ஆசிரியரும் மைதானமும் மாறவில்லை, தலைமை மாறியது. முன்னும் பின்னும் நடந்த பாடவேளைகளை ஒப்பிட்டால், நூறு வினாநிரல்கள் சொல்லாததை அது சொல்லும். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், அதற்கு ஆகும் காலத்தை நான் சொல்லிப் பயமுறுத்த விரும்பவில்லை.

காட்பாடி ஆய்வு மாணவி எழுதியது:

மூவருக்கும் நன்றி. விரிவுரையாளர் ஐயா சொன்ன முறையைப் பழகிப் பார்ப்பதற்காக, லத்தேரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியரின் ஒப்புதலோடு ஒரு பாடவேளை மைதான ஓரத்தில் உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்பு, 46 பேர், நாற்பது நிமிடம். மணி அடித்து, செருப்பு மாட்டி, கடைசி மாணவர் மைதானத்துக்கு வந்து சேர ஏழு நிமிடம். வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை எடுக்க ஐந்து நிமிடம். கைகளை உயர்த்திக் குனிந்து நிமிரும் பயிற்சி நான்கு நிமிடம். அதன்பின் ஒரு கைப்பந்தும் இரண்டு வளையங்களும் வெளியே வந்தன. நான் கவனித்த மூன்றாவது மாணவி நான்கு நிமிடத்தில் பன்னிரண்டு குறிப்புகளில் எட்டு முறை நின்றாள், மூன்று முறை உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை ஓடினாள், பந்து சாக்கடையில் விழப் போனபோது.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. தலைமை ஆசிரியர் நான் வந்திருப்பதை அறிந்து, ஊக்குவிப்பதற்காக மைதானத்துக்கு வந்தார். ஆசிரியர் விசில் ஊதினார். 46 பேரும் ஆட்டத்தை நிறுத்தி நேராக நின்று வணக்கம் சொன்னார்கள். அவர் நன்றாக விளையாடுங்கள் என்று சொல்லிப் புறப்படும் வரை எவரும் அசையவில்லை. என் தாளில் ஏழு கட்டங்கள் தொடர்ந்து 'நிற்கிறார்' என்று விழுந்தன. தலைமை ஆசிரியர் கண்ணில் படுவதன் பலனை இனி நான் கழித்தல் குறியோடு எழுத வேண்டியிருக்குமோ என்று தோன்றியது.

ஆய்வின் தலைப்பை மாற்றிக்கொள்ள வழிகாட்டி ஒப்புக்கொண்டிருக்கிறார். தலைமைப் பண்புகள் என்ற சொல்லை எடுத்துவிட்டு, அட்டவணையிட்ட பாடவேளைக்கும் நடந்த பாடவேளைக்கும் இடைப்பட்ட வேறுபாட்டையும் அதில் தலைமை ஆசிரியரின் முடிவுகளுக்கு உள்ள பங்கையும் ஆராய்வதாக வைத்திருக்கிறேன். தலைமை ஆசிரியர் மாறிய பள்ளிகளைத் தேடத் தொடங்கிவிட்டேன். பொறுப்புத் தலைமை ஆசிரியர் உள்ள பள்ளிகளைத் தனிப் பிரிவாக வைக்கிறேன். பெண் பிள்ளைகளின் நிமிடங்களையும் தனியாகக் கணக்கிடுவேன். ஒரே ஒரு ஐயம் மட்டும் இருக்கிறது. நான் தாளோடு போய் உட்கார்ந்தாலே அன்றைக்குப் பாடவேளை ஒழுங்காக நடந்துவிடுகிறது. எத்தனை முறை சென்றால் இயல்பான வகுப்பைப் பார்க்க முடியும்?

அணைக்கட்டு உடற்கல்வி ஆசிரியர் எழுதியது:

முதல் நாள் உங்களுக்காகப் புதுப் பந்து வெளியே வரும். இரண்டாம் நாள் பழைய பந்து வரும். மூன்றாம் முறை வரும்போது உங்களுக்கு நாற்காலி போட மறந்துவிடுவார்கள், அன்றைக்கு எழுதத் தொடங்குங்கள். எங்கள் பள்ளிக்கு வருவதானால் ஜூன் கடைசி வாரத்தில் வாருங்கள் அம்மா. ஜூலை பிறந்துவிட்டால் குறுவட்டப் போட்டி, நான் பள்ளியில் இருக்க மாட்டேன். உண்மையில் அந்த வாரங்களிலும் ஒருமுறை வந்து, நான் இல்லாதபோது அந்த முந்நூறு பேர் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக் கொடுத்தால் எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது.